தலை, முதுகு, வால்

ஒரு வேதிப்பொருளை வாய்வழியாகக் கொடுத்தால் எந்த அளவில் ஆபத்து என்று பார்க்கும் சோதனைதான் மருந்தியலிலேயே சுலபமானது என்று நம்பி அதில் இறங்கினேன். எலிக்குக் கொடுக்க வேண்டும், பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். இதில் சொதப்ப என்ன இருக்கிறது? எனக்கு எலியைத் தொடும் முன்பே, விண்ணப்பம் போடும் கட்டத்திலேயே இருந்தது.

அப்போது எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு. வேதியியல் பிரிவு நண்பன் ஒருவன், வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் பென்ஸிமிடசோல் வகைச் சேர்மம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தான். அது வேலை செய்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் எவ்வளவு கொடுத்தால் எலி தாங்கும் என்று தெரிய வேண்டும். அதற்கும் முன்னால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 'பி' படிவத்தை நிரப்ப உட்கார்ந்த நான், நூலகத்திலிருந்து சீனியர் ஒருவரின் தீசிஸை எடுத்துவந்து, கமா புள்ளி மாறாமல் பார்த்து எழுதினேன். அதில் அறுபது எலி கேட்டிருந்தார்கள். நானும் அறுபது கேட்டேன்.

அறிவியல் சாராத, சமூக அக்கறையுள்ள ஒருவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். படிவத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அறுபதுல முப்பது செத்தா உங்களுக்குச் சந்தோஷமா?"

பாதி இறக்கும் அளவைத்தானே தேடுகிறோம் என்ற நினைப்பில், "ஆமாங்க ஐயா" என்றேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. கால்நடை மருத்துவர் மட்டும், "401-ஆம் வழிகாட்டின்னு எழுதியிருக்கீங்களே, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன், அதே தைரியத்தோடு. இத்தகைய சோதனை வழிகாட்டிகளை வெளியிடும் ஓ.இ.சி.டி. அமைப்பு அதை 2002 டிசம்பரிலேயே நீக்கிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. என் சீனியர் அதற்கு முன்பே படித்து முடித்துப் போய்விட்டவர். இதற்குள் என் கைடு மேடம் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிவிட்டார். அங்கே நண்பனின் சேர்மம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆடாதோடை இலைச் சாறு' என்று இருந்தது. சீனியரின் சாறு.

திருப்பி அனுப்பப்பட்ட படிவத்தோடு நூலகத்துக்குப் போன பிறகுதான் கதையை ஒழுங்காகப் படித்தேன். கொடுத்த விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, எல்.டி.50 என்ற கணக்கை 1927-இல் முன்வைத்தவர் ஜே. டபிள்யூ. ட்ரெவன் என்ற பிரிட்டிஷ் மருந்தியலாளர். அவருக்குச் சோப்பும் பெயின்டும் கவலையே இல்லை. டிஜிடாலிஸ், இன்சுலின் போன்ற மருந்துகளின் வீரியம் புட்டிக்குப் புட்டி மாறிக்கொண்டிருந்த காலம் அது. அதைத் தரப்படுத்த ஓர் உறுதியான எண் தேவைப்பட்டது. எல்லா விலங்கும் இறக்கும் அளவையோ, ஒன்றே ஒன்று இறக்கும் அளவையோ எடுத்தால், ஒரு நோஞ்சான் எலியும் ஒரு முரட்டு எலியும் கணக்கைக் குலைத்துவிடும். நடுவில் பாதி இறக்கும் இடம்தான் அசையாமல் நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அந்த எண்ணைத் தேடக் கிளம்பிவிட்டார்கள். இத்தனை விலங்குகளைக் கொன்று எடுக்கும் அந்த எண், ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறதே, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று 1981-இல் கெர்ஹார்ட் ஸ்பிண்டன் என்ற சுவிஸ் நச்சியலாளர் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதினார். 401 வெளியானதும் அதே 1981-இல்தான். அதை ஓரங்கட்ட இன்னும் இருபது வருடம் தேவைப்பட்டது.

அந்த இடத்துக்கு வந்த வழிகாட்டிகளில் ஒன்று 423. அதில் படிக்கு மூன்று எலிதான், வழக்கமாகப் பெண் எலிகள். 5, 50, 300, 2000 என்று நான்கே அளவுகள், எல்லாம் எலியின் உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் 300-இல் தொடங்கச் சொல்கிறது. மூன்றில் இரண்டோ மூன்றுமோ இறந்தால் ஒரு படி கீழே. ஒன்று இறந்தாலோ ஒன்றுமே இறக்காவிட்டாலோ அதே அளவில் இன்னொரு மூன்று. அதுவும் தாங்கினால் 2000. துல்லியமான எண் கிடைக்காது, எந்த வகுப்பில் சேர்ப்பது என்பது கிடைக்கும். என் அறுபது, பன்னிரண்டாகச் சுருங்கியது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. தசமப் புள்ளியோடு ஓர் எண் வரும், அதைத் தீசிஸில் தடித்த எழுத்தில் போடலாம் என்று கனவு கண்டிருந்தேன்.

அப்பாவுக்கு இந்தப் படிப்பே விளங்கவில்லை. "எலிக்கு விஷம் வைக்கிறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?" என்றார். இரண்டு ஏக்கர் நெல் போடுகிறவர். பூச்சிமருந்து டப்பாவைக் கையில் எடுத்தால் பெயருக்கு முன் முக்கோணத்தின் நிறத்தைத்தான் பார்ப்பார். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. அந்த நிறமே இந்த எலிக் கணக்கிலிருந்து வருவதுதான் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். 1971-ஆம் வருடத்துப் பூச்சிமருந்து விதிகளின்படி, வாய்வழி எல்.டி.50 கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை இருந்தால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கும் மேல் பச்சை. அப்பா கேட்டுவிட்டு, "சரி, நீ பாத்து எண்ணு" என்றார். இந்தப் பாடத்தை நானே மறந்த இடம் பின்னால் வருகிறது.

அனுமதி கிடைத்தது. எலிகள் வந்தன. விஸ்டர் இன வெள்ளை எலிகள். பிலடெல்பியாவின் விஸ்டர் நிறுவனத்தில் 1906-இல் தொடங்கிய வம்சம். வளர்ப்புக் கூண்டிலிருந்து பெண் எலிகளைப் பிரித்து எடுக்கும் பொறுப்பை, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், நானே ஏற்றேன். மூன்று போதும். உபரியாக இருக்கட்டும் என்று நான்காவதாக ஒன்றையும் அதே கூண்டில் போட்டேன். மறுநாள் காலை அனிமல் ஹவுஸ் அண்ணன் கூண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது ஆம்பள."

இருக்காதே அண்ணே, நன்றாகப் பார்த்துத்தானே எடுத்தேன் என்றேன். ஆண் எலி பயந்தால் விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னார். என் கையில் இருந்தபோது அது பயந்ததா, நான் பயந்தேனா என்று அவர் கேட்கவில்லை. அந்த ஆணை எடுத்து வேறு கூண்டில் விட்டார். ஒரே ஒரு ராத்திரிதானே, பரவாயில்லை என்று நினைத்தேன். மேடத்திடம் சொல்லவில்லை.

அடையாளம் போட எங்களிடம் இருந்தது பிக்ரிக் அமிலக் கரைசல். ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில் மஞ்சள் தீட்ட வேண்டும். அதுவே பெயரும் ஆகிவிடும்: தலை, முதுகு, வால். கையுறை போடாமல் தீட்டியதில் அடையாளம் எனக்கும் விழுந்தது. பிக்ரிக் அமிலம் சோப்புக்கு அசையாது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டு, "வீட்ல விசேஷமாப்பா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கக் கூடியது என்று படித்த பிறகு அந்தப் புட்டியை நான் தொட்ட விதமே மாறிவிட்டது. மூடியைச் சுற்றிக் காய்ந்து கிடந்த பொடியைப் பலமுறை நகத்தால் சுரண்டியவன் நான்.

எலிகள் கூண்டுக்குப் பழக நாள் கொடுத்த பிறகு, மருந்து கொடுப்பதற்கு முந்தின இரவு அவற்றைப் பட்டினி போட வேண்டும். தீனியை எடுத்துவிட வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். நான் இரண்டையும் எடுத்துவிட்டுப் போனேன். அண்ணன் ராத்திரி வந்து தண்ணீர்ப் புட்டியைத் திரும்ப மாட்டியிருக்கிறார். காலையில் கணக்கு. கிலோவுக்கு 300 மில்லிகிராம். 300 மில்லிகிராமை நிறுத்து வைத்தேன். நண்பன் மாதக்கணக்கில் காய்ச்சி வடித்த பொடியில் பாதி, ஒரே எலிக்குத் தீர்ந்துவிடும்போல இருந்தது. என் எலியின் எடை 180 கிராம். அதற்குரிய பங்கு 54 மில்லிகிராம்தான். பொடி குறைந்து போகிறதே என்ற கஞ்சத்தனம்தான் அந்தத் தவறைக் கண்டுபிடித்தது, அறிவு இல்லை.

பொடி தண்ணீரில் கரையாது. சி.எம்.சி. என்ற பசையில் கலக்க வேண்டும். அதைத் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் கட்டிகட்டியாகத் திரண்டு நிற்கும், தூவித் தூவிக் கலக்க வேண்டும். கொட்டினேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஜவ்வரிசிப் பாயசத்தைச் சிரிஞ்சில் ஏற்றப் பார்த்த மாதிரி இருந்தது என்பதைத் தவிர.

அடுத்து நடந்ததைச் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை.

எலிக்கு மருந்து கொடுப்பது முனையில் குண்டு வைத்த, லேசாக வளைந்த ஊசியால். வாயோரமாக நுழைத்து உணவுக்குழாய் வழியே நேராக இரைப்பையில் இறக்க வேண்டும். எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். போகிற வழி இரண்டு: ஒன்று இரைப்பைக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. "தள்ளாத தம்பி. அது முழுங்கும்போது தானா இறங்கும்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். தலை என் கையில் திமிறியது. நான் தள்ளினேன். மூக்கில் வெள்ளையாக நுரை வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. ஊசியை எடுத்துவிட்டு, நோட்டைத் திறந்து நேரத்தைக் குறித்தேன். கண் எதிரே மூச்சுக்குத் தவிக்கும் விலங்கை அப்படியே விடக் கூடாது, துன்பம் நீளாமல் முடித்துவிட வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. நான் யாரையும் கூப்பிடவில்லை. சில நிமிடங்களில் அடங்கிவிட்டது. நோட்டில் 'மருந்தின் விளைவாக மரணம்' என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், ஒரு சின்னக் கிளுகிளுப்பு இருந்தது. ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று.

மேடம் வந்து அறுத்துப் பார்த்தார். இரைப்பை காலி. நுரையீரலில் என் வெள்ளைப் பசை. அவர் திட்டவில்லை. நான் எழுதிய வரியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'ஊசி தவறியதால் மரணம்' என்று எழுதி, என்னிடம் பேனாவை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அறுத்துப் பார்க்காமல் விட்டிருந்தால், நண்பனின் சேர்மம் எலியைக் கொன்றது என்றுதான் பதிவாகியிருக்கும். மூன்றே எலியை வைத்துத் தீர்மானிக்கும் சோதனை இது. ஒரு கை நடுக்கம் ஒரு பொருளின் தலையெழுத்தில் மூன்றில் ஒரு பங்கு.

மற்ற இரண்டுக்கும் அண்ணனே கொடுத்தார். அவர் கையில் எலி முரண்டு பிடிக்கவில்லை. 2014-இல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆண் ஆய்வாளர்களின் வாசனை பட்டாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறுகிறது, ஆண் உடுத்திய டீ-சர்ட் பக்கத்தில் இருந்தாலும் போதும் என்கிறது. வருடங்கள் கழித்து அதைப் படித்தபோது அப்படி ஒரு நிம்மதி எனக்கு. என் கை இல்லை, என் சட்டைதான்! அண்ணனும் ஆண்தான் என்று நினைவு வரும்வரை அந்த நிம்மதி நீடித்தது.

இனிப் பார்க்கும் வேலை. முதல் அரை மணி நேரத்தில் ஒரு முறையாவது, முதல் நான்கு மணி நேரம் கூடுதல் கவனத்தோடு, பிறகு தினமும், மொத்தம் 14 நாள். மறுநாள் மத்தியானம் வாலின் கண்ணைச் சுற்றி ரத்தம். மேடம் வீட்டுக்குப் போன் போட்டு, எலிக்குக் கண்ணில் ரத்தம் வழிகிறது என்று கத்தினேன். தூக்கக் குரலில் ஒரே கேள்வி கேட்டார்: "துடைச்சுப் பாத்தியா?" எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டீரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அது பார்ஃபிரின் என்ற சிவப்பு நிறமியைச் சுரக்கும். எலி பயந்தாலோ, சோர்ந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாமல் விட்டாலோ, கண்ணோரத்தில் அது சிவப்பாகத் தேங்கி நிற்கும். ரத்தம் இல்லை. புறஊதா விளக்கில் காட்டினால் ஒளிரும். முந்தின நாள் தோழி ஒருத்தி துடித்து இறந்த கூண்டுப் பக்கத்திலேயே வாலை வைத்திருந்தேன். அழுத்தத்துக்குக் காரணம் தேட வேதியியல் தேவைப்படவில்லை.

தீபாவளியும் அந்த 14 நாளுக்குள்தான் வந்தது. காலண்டர் பார்த்துத் தொடங்கவில்லை. அன்று நான் குறித்து வைத்த வரி: 'இரண்டிலும் நடுக்கம், ஒலிக்கு மிகையான எதிர்வினை.' நரம்பைத் தாக்கும் சேர்மம் என்றே முடிவுகட்டியிருந்தேன். மேடம் கேட்டார்: "பக்கத்துக் கூண்டுல மருந்தே வாங்காததுங்க எப்படி இருக்கு?" போய்ப் பார்த்தேன். அவையும் நடுங்கின. காலேஜ் காம்பவுண்டுக்கு வெளியே பத்தாயிரம் வாலா வெடித்துக்கொண்டிருந்தது.

முதுகு மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். ஏழாம் நாள் எடை போட்டால் வால் கொஞ்சம் ஏறியிருந்தாள், முதுகு பிரமாதமாக ஏறியிருந்தாள். 'ஆரோக்கியமான எடை அதிகரிப்பு. சேர்மம் பசியைத் தூண்டக் கூடும்' என்று அடிக்குறிப்பே எழுதினேன். பசி தூண்டும் மருந்தாகப் பேட்டன்ட் எடுக்கலாமா என்று நண்பனிடம் பேசினேன். அவனும் ஆசைப்பட்டான். பதினான்காம் நாள் வருவதற்குள், ஒரு காலையில் உமியைப் பறித்துக் குவித்த மூலையில் இளஞ்சிவப்பாக ஏதோ நெளிந்தது. பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு சுழற்சி. கர்ப்பம் மூன்று வாரம். நான் உபரியாகப் போட்ட ஆணின் ஒரே ராத்திரி, மூன்றில் ஒருத்திக்குச் சரியாக அமைந்திருக்கிறது. சோதனைக்கு வரும் பெண் எலி இதுவரை ஈனாததாகவும் சினையில்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டியின் ஆரம்பப் பக்கங்களிலேயே இருக்கிறது.

அண்ணனுக்கு வேறு கவலை. எலிப் பதிவேட்டில் வரவு, செலவு, இருப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். "செத்ததுக்குக் கட்டம் இருக்கு தம்பி. பொறந்ததை எதுல எழுத?" என்றார். அப்போதுதான் அந்த ராத்திரியைப் பற்றி மேடத்திடம் சொன்னேன். அவர் குட்டிகளைப் பார்த்தார், என் அடிக்குறிப்பைப் பார்த்தார். "பேட்டன்ட் எப்ப?" என்றார். எப்படித் தெரிந்ததோ.

முதல் மூன்று எலிகளின் கணக்கு மொத்தமும் செல்லாது. மறுபடி படிவம், மறுபடி குழு. ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

இரண்டாம் சுற்று அண்ணனின் கண்காணிப்பில் நடந்தது என்று சொல்வதுதான் நியாயம். அவர் எலியைப் பார்த்துக்கொண்டார், அவர் சொன்னதை நான் எழுதினேன். 300-இல் இரண்டு படியும் தாண்டி 2000-க்கு வந்தோம். எந்த எலிக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாத எலியைத் தினமும் பார்ப்பது எவ்வளவு சலிப்பு என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். ரோமம்: இயல்பு. கண்: இயல்பு. உமிழ்நீர்: இயல்பு. நடை: இயல்பு. மலம்: இயல்பு. ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் போகும் அவசரத்தில், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து 'இயல்பு' போட்டுவிட்டு, நேரத்தைக்கூடக் காலை 9.10 என்று கவனமாக எழுதினேன். மேடம் அன்று சாயங்காலமே அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'மழை வருமா என்பதையும் குறிப்பிடவும்.' ஞாயிறு காலை அவரே வந்து எலிகளைப் பார்த்து, என் வரிக்குக் கீழே தன் கையெழுத்தில் எல்லாவற்றையும் தனியாக நிரப்பியிருந்தார்.

தீசிஸ் முடிந்தது. வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் பொறுமையானவர். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எல்.டி.50, 2000-க்கு மேலன்னு போட்டிருக்கீங்க. இதையே பூச்சிமருந்தா வித்தா டப்பாவுல என்ன கலர்?"

"பச்சை சார்."

"எப்படி?"

"ஒண்ணும் சாகல சார்."

"பச்சை 5000-க்கு அப்புறம். நீங்க 2000-லயே நின்னுட்டீங்க. நடுவுல மூவாயிரத்தை யார் குடுத்துப் பாத்தா?"

5000 வரை போவது அரிதான காரணம் இருந்தால்தான், விலங்கு நலனுக்காக வழிகாட்டியே அதைத் தவிர்க்கச் சொல்கிறது என்பது சரியான பதில். அது எனக்குத் தெரியும். நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது: "எலி தீந்துபோச்சு சார்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாஸ் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, முக்கோணத்தின் நிறத்தைப் பற்றித் தேர்வாளர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன்.

"நீலம்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே? தெரியலன்னா ஒரு படி மோசமா நெனச்சுக்கிட்டுத்தான் மூடியத் தொறக்கணும்" என்றார். வெறுங்கையால் மருந்தைக் கலக்குகிறவர் அவர்.

"சரி, மிச்சப் பொடிய எங்க வச்ச?"

டிபார்ட்மென்ட் ஃப்ரிட்ஜில் என்றேன். மேலே பேர் எழுதி ஒட்டினாயா என்று கேட்டார். ஒட்டியிருப்பேன் என்றேன். நண்பனுக்கு உடனே போன் போட்டேன். அவன் அதற்குள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.